வானத்துக்கும் வரப்பு உண்டு

சேர்வராயன் மலைக்கு வெளியிலிருந்து வந்து வேரூன்றிய பொருள்கள் பல. இன்று நம் தோட்டங்களுக்கு ஆதாரமாக விளங்கும் காப்பிச் செடியே, 1820-களில் சேலம் ஜில்லாக் கலெக்டராக இருந்த காக்பர்ன் அவர்களின் முயற்சியால் இம்மலைக்கு வந்ததாகும். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டது. வந்தவற்றை முறையறிந்து கையாண்டபடியால் அவை நமக்கு உரியவை ஆயின. இப்பொழுது மற்றொரு புதிய பொருள் மலையேறி வந்திருக்கிறது. அதுவே ட்ரோன் எனப்படும் ஆளில்லா விமானம்.

கொட்டச்சேட்டிலும் அதனை அடுத்த சிற்றூர்களிலும் காப்பியும் மிளகும் பயிரிடும் அங்கத்தினர்கள் இக்கருவியைப் பற்றி ஆவலுடன் விசாரித்து வருகின்றனர். மருந்து தெளிக்க ஆட்கள் கிடைப்பது அரிதாகி வருகிறது. செங்குத்தான சரிவுகளில் தெளிப்பானை முதுகில் சுமந்து ஏறி இறங்குவதோ எளிய காரியமன்று. ஆகவே ட்ரோனை வாடகைக்கு எடுக்கலாமா, சங்கத்தின் சார்பிலேயே ஒன்று வாங்கலாமா என்னும் கேள்விகள் எழுந்திருப்பது இயல்பே. சமவெளியில் உள்ள நெசவாளர் அங்கத்தினர்களும் தங்கள் தறிக்கூடங்களையும் கண்காட்சிகளையும் மேலிருந்து படம் பிடித்து, சேலைகளுக்கு விளம்பரம் தேட விரும்புகின்றனர்.

இந்த ஆர்வத்தை நாம் வரவேற்கிறோம். எனினும் ஒன்று சொல்ல வேண்டும். விலை என்ன, எத்தனை லிட்டர் மருந்து கொள்ளும், ஏக்கருக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேட்போர் பலர். பறக்கவிடும் முன் யாரைக் கேட்க வேண்டும் என்று வினவுவோர் சிலரே. "பட்டா என் பெயரில் இருக்கிறது, என் செலவில், என் தோட்டத்தின் மேல் பறக்கவிடுகிறேன், இதற்கு எவருடைய உத்தரவு வேண்டும்?" என்று கேட்பவரும் உளர். கேள்வி நியாயமானதாகவே தோன்றும். அதற்குத் தெளிவான விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலம் நமது, வானம் பொது

வாய்க்கால் நம் வயலின் ஓரமாகவே ஓடினாலும் அதன் நீர் நமக்கு மட்டும் சொந்தமன்று. கடைமடைக்காரரின் முறை வரும்பொழுது நம் மடையை அடைத்தே ஆக வேண்டும். முறை தவறி மடை திறப்பவரை ஊர் மன்னிப்பதில்லை. வானமும் அத்தகைய பொதுச் சொத்தே. பயணிகள் விமானமும், நோயாளியை ஏற்றிவரும் ஹெலிகாப்டரும், காட்டுத்தீயை அணைக்க நீர் சுமந்து வரும் விமானமும் அதே வானத்தில்தான் செல்ல வேண்டும். அவற்றுக்கு இடையே நம் ட்ரோனும் பறக்க வேண்டுமாயின் முறை வகுத்தல் அவசியமாகிறது.

நம் நாட்டில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது 1934-ம் ஆண்டின் விமானச் சட்டம். அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட பாரதீய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1-ம் தேதி அமலுக்கு வந்தது. ட்ரோன்களைப் பொறுத்தவரை, 2021 ஆகஸ்டு மாதம் மத்திய அரசாங்கம் வெளியிட்ட ட்ரோன் விதிகளே நமக்கு வழிகாட்டி. அதற்கு முன்பிருந்த விதிகள் மிகக் கடுமையாக இருந்தன. படிவங்களும் கட்டணங்களும் ஏராளம். 2021 விதிகள் அவற்றைப் பெரிதும் குறைத்துவிட்டன. பெரும்பாலான இடங்களில் குறைந்த உயரத்தில் பறக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்னும் நிலை அப்பொழுதுதான் ஏற்பட்டது. ஆனால் அந்தச் சலுகை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. நாம் நிற்கும் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்நிபந்தனை.

மூன்று நிறங்கள்

நாடு முழுவதற்குமான வான்வெளி வரைபடம் ஒன்றை அரசாங்கம் 2021 செப்டம்பர் 24-ம் தேதி "டிஜிட்டல் ஸ்கை" என்னும் தளத்தில் வெளியிட்டது. இதனைக் கைப்பேசியிலேயே எவரும் கட்டணமின்றிக் காணலாம். வரைபடம் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது.

பச்சைப் பகுதியில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரையில் பறக்க முன் அனுமதி தேவையில்லை. மஞ்சள் பகுதியில் பறக்க வேண்டுமாயின், அப்பகுதிக்குரிய வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி பெற வேண்டும். சிவப்புப் பகுதியிலோ மத்திய அரசாங்கத்தின் அனுமதியின்றிப் பறத்தல் ஆகாது.

பச்சைப் பகுதிக்குள்ளும் 120 மீட்டருக்கு மேற்பட்ட வானம் மஞ்சளே என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பச்சை என்பது நிலத்தின் நிறமன்று. ஒரு குறிப்பிட்ட உயரம் வரையிலான வானத்தின் நிறம். இயங்கிவரும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் இந்த உயரம் இன்னும் குறைந்து, 200 அடி, அதாவது 60 மீட்டர் ஆகிறது. 8 கிலோமீட்டருக்கு உட்பட்ட இடங்களில் பறக்க எண்ணுவோர் வரைபடத்தைப் பாராமல் ட்ரோனின் விசையைத் தொடவே கூடாது.

நம் மலைக்கு வரைபடம் கூறுவது

சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கிறது. 1993-ல் தொடங்கப்பெற்ற இந்நிலையம் இடையிடையே பல ஆண்டுகள் விமானமின்றிக் கிடந்தது. அக்காலத்துப் பழக்கத்தில், "அங்கே விமானம் எங்கே வருகிறது?" என்று இன்றும் சிலர் கூறக் கேட்கிறோம். 2023 அக்டோபர் 16-ம் தேதி உடான் திட்டத்தின் கீழ் அங்கு மறுபடியும் பயணிகள் விமானப் போக்குவரத்து தொடங்கியது. ஆகவே பழைய எண்ணத்தை விட்டொழிக்க வேண்டும்.

ஏற்காட்டு ஊர், அவ்விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறுபவருக்கு இத்தூரம் மிக அதிகமாகத் தோன்றும். பறக்கும் பொருளுக்கு அவ்வளவுதான். கொட்டச்சேடு ஏற்காட்டுக்கும் கிழக்கே, குப்பனூர்ச் சாலையில் அமைந்திருப்பதால், 12 கிலோமீட்டர் வளையத்துக்கு வெளியே நிற்கிறது. ஆனால் மலையின் மேற்குச் சரிவில், ஓமலூர்ப் பக்கம் நோக்கிய தோட்டங்களை உடைய அங்கத்தினர்களின் நிலை வேறு. மேற்கே செல்லச் செல்ல விமான நிலையம் நெருங்கி வருகிறது. கொட்டச்சேட்டில் பறக்கவிட்ட அதே ட்ரோனை, அதே உயரத்தில், மறுநாள் மேற்குச் சரிவில் பறக்கவிடுவது குற்றமாகக் கூடும்.

ஓமலூர் வட்டாரத்து நெசவாளர்களுக்கு இந்த எச்சரிக்கை மேலும் பொருந்தும். அவர்கள் விமான நிலையத்தின் அருகிலேயே வாழ்கின்றனர். தறிக்கூடத்தைப் படம் பிடிக்க வருபவர், "சிறிய ட்ரோன்தான், ஐந்து நிமிட வேலை" என்று சொல்லக்கூடும். கருவி சிறிதாயினும் பெரிதாயினும் வான்வெளியின் நிறம் ஒன்றே. அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் காணாமல் வேலையைத் தொடங்கவிடுதல் கூடாது.

இவ்வளவும் தூரக் கணக்கை வைத்துச் சொன்னவை. விமான நிலையம் ஒன்றே சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காரணமன்று. பாதுகாப்புக்குரிய வேறு இடங்களும் உள்ளன. வரைபடமும் காலத்துக்குக் காலம் திருத்தப்படுகிறது. போன மாதம் பார்த்தோம் என்பது இந்த மாதத்துக்கு விடையாகாது. பறக்கவிடும் ஒவ்வொரு முறையும், அதற்கு முன்பாக, அவ்விடத்துக்குத் தடையோ அறிவிப்போ உண்டா என்று தளத்தில் சரிபார்ப்பது இயக்குபவரின் கட்டாயக் கடமை என்று விதியே கூறுகிறது. மலையில் பல இடங்களில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைப்பதில்லை என்பதை நாம் அறிவோம். ஆதலால், தொடர்பு கிடைக்கும் இடத்தில் அன்று காலையிலேயே வரைபடத்தைப் பார்த்து, அதன் படத்தைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு தோட்டத்துக்குச் செல்வது நலம்.

மலையில் உயரத்தின் கணக்கு

சமவெளிக்காரருக்கு இல்லாத ஒரு சங்கடம் மலைவாசிகளுக்கு உண்டு. விதி கூறும் 120 மீட்டர், ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து கணக்கிடப்படுவது. ஆனால் பெரும்பாலான ட்ரோன்களின் திரையில் தெரியும் உயரம், அது புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. தஞ்சைத் தரணியில் இரண்டும் ஒன்றே. சேர்வராயன் மலையில் இரண்டும் வெவ்வேறு.

ஓர் உதாரணம் கொள்வோம். தோட்டத்தின் மேல் முனையில் நின்று ட்ரோனை 60 மீட்டர் உயர்த்துகிறோம். பின்னர் அதனைச் சரிவின் கீழ்ப்புறமாகச் செலுத்துகிறோம். அங்கே தரை 100 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. திரை அப்பொழுதும் 60 என்றே காட்டும். ஆனால் ட்ரோன் உண்மையில் தரைக்கு மேல் 160 மீட்டரில் இருக்கிறது. அது பச்சையைக் கடந்து மஞ்சள் வானத்தில் நுழைந்துவிட்டது. நாமோ விதிக்குள் இருப்பதாக எண்ணி நிம்மதியாக நிற்கிறோம்.

ஏற்காட்டில் லேடீஸ் சீட் போன்ற மலை விளிம்புகளில் நின்று ட்ரோனை வெளியே செலுத்துபவர்களின் நிலை இன்னும் மோசமானது. விளிம்பைத் தாண்டிய சில விநாடிகளில் கீழே பல நூறு மீட்டர் பள்ளம். திரையில் 20 மீட்டர் என்று காட்டினாலும் அது வரம்பு மீறிய பறப்பே.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. கீழிருந்து மேற்சரிவை நோக்கிச் செலுத்தினால் தரை ட்ரோனை நோக்கி எழுந்து வருகிறது. திரை 40 மீட்டர் என்று காட்டும். எதிரே சில்வர் ஓக் மரத்தின் உச்சி நிற்கும். மேலும், ட்ரோனுக்கும் நம் கையிலுள்ள கருவிக்கும் இடையே ஒரு முகடு குறுக்கிட்டால் தொடர்பு அறுந்துவிடும். தொடர்பு அறுந்த ட்ரோன் தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப முயலும். திரும்பும் உயரத்தை முன்னதாகச் சரியாக அமைத்திராவிடில் அது மரத்திலோ பாறையிலோ மோதும். பனிமூட்டம் இறங்கும் வேளையில் கண்ணெதிரே இருந்த கருவியே மறைந்துபோகும். ஆகவே கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள்ளேயே பறக்கவிடுவதும், சரிவைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்திக்கும் அருகிலிருந்தே புறப்படச் செய்வதும் மலைக்கு ஏற்ற முறை.

கருவிக்கும் ஆளுக்கும் உரிய சான்றுகள்

எடையைக் கொண்டு ட்ரோன்கள் ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 250 கிராம் வரை நுண்ணிய வகை. 2 கிலோ வரை குறுவகை. 25 கிலோ வரை சிறுவகை. 150 கிலோ வரை நடுத்தரம். அதற்கு மேல் பெரிது. மருந்து தெளிக்கும் 10 லிட்டர் ட்ரோன்கள் பெரும்பாலும் சிறுவகையைச் சேர்ந்தவை.

தெளிப்புக்கு ட்ரோன் கொண்டுவருபவரிடம் அங்கத்தினர்கள் நான்கு பொருள்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். முதலாவது, அந்த மாதிரிக்குரிய வகைச் சான்றிதழ். இரண்டாவது, அந்தக் கருவிக்கென அளிக்கப்பட்ட தனி அடையாள எண். இதற்கான பதிவுக் கட்டணம் 100 ரூபாய் மட்டுமே. மூன்றாவது, இயக்குபவரின் தொலைநிலை விமானி சான்றிதழ். 18 முதல் 65 வயதுக்குட்பட்டு, பத்தாம் வகுப்புத் தேறியவர், அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயின்று இதனைப் பெறலாம். இது 10 ஆண்டுகள் செல்லும். நான்காவது, பிறருக்கு நேரும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ்.

நுண்ணிய வகையை இயக்கவும், குறுவகையை வியாபார நோக்கமின்றி இயக்கவும் விமானி சான்றிதழ் தேவையில்லை. ஆனால் இச்சலுகை ஆளுக்குரிய சான்றைப் பற்றியதே. சிவப்பு, மஞ்சள் எல்லைகள் அவற்றுக்கும் பொருந்தும்.

வெளிநாட்டில் உள்ள உறவினர் வாங்கிவரும் ட்ரோனைப் பற்றியும் ஒரு வார்த்தை. முழுமையாகச் செய்யப்பட்ட அயல்நாட்டு ட்ரோன்களின் இறக்குமதியை அரசாங்கம் 2022 பிப்ரவரி 9-ம் தேதி தடை செய்தது. ஆராய்ச்சி, இராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடா நாடுகளிலிருந்தோ பரிசாக வரும் ட்ரோன் விமான நிலையச் சுங்கத்திலேயே நின்றுவிட நேரும்.

விதிகளை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு அறிவித்தாக வேண்டும். அபராதத்தைக் காட்டிலும் பெரிய நஷ்டம் வேறொன்று. உரிய சான்றுகளின்றியோ, தடை செய்த வானத்திலோ பறந்த ட்ரோனால் சேதம் நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க மறுக்கக்கூடும். அப்பொழுது அந்தச் சுமை இயக்கியவரின் மீதும், சங்கத்தின் கருவியாயின் நம் அனைவரின் பங்குத்தொகையின் மீதும் விழும்.

சிறு கருவி செய்த பெருந்தீங்கு

இவ்வளவு கட்டுப்பாடு தேவைதானா என்று ஐயுறுவோர், வெளிநாடுகளில் நடந்த இரண்டு சம்பவங்களை அறிந்துகொள்வது நன்று.

2018 டிசம்பரில், லண்டனை அடுத்த காட்விக் விமான நிலையத்தின் அருகே ட்ரோன் பறப்பதாகத் தகவல் வந்ததும் ஓடுபாதை மூடப்பட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் செல்லப் புறப்பட்டிருந்த சுமார் 1,40,000 பயணிகள் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,000 விமானங்கள் ரத்து செய்யப்பட்டன அல்லது வேறிடங்களுக்குத் திருப்பப்பட்டன. அங்கே மோதல் எதுவும் நிகழவில்லை. ட்ரோன் இருக்கலாம் என்னும் அச்சமே இத்தனைக்கும் போதுமானதாயிற்று.

இரண்டாவது சம்பவம் மலைவாசிகளாகிய நமக்கு இன்னும் நெருங்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த குன்றுகளில் பெருந்தீ பரவியது. அவ்வேளையில் அங்கு ட்ரோன்கள் பறக்கத் தற்காலிகத் தடை இருந்தது. ஜனவரி 9-ம் தேதி ஒருவர், தீயின் சேதத்தைக் காணும் ஆவலில், ஒரு கட்டடத்தின் மேலிருந்து சிறு ட்ரோன் ஒன்றைச் செலுத்தினார். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சென்று கண்ணுக்கு மறைந்த அந்தக் கருவி, தீயணைக்க நீர் சுமந்து பறந்த கனடா நாட்டு விமானத்தின் இடது இறக்கையில் மோதித் துளையிட்டது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆயினும் தீ கொழுந்துவிட்டு எரிந்த நாட்களில் அது பணியின்றி நிற்க நேர்ந்தது. மோதிய ட்ரோனின் எடை 250 கிராமுக்கும் குறைவு. இயக்கியவர் தீயவரல்லர். பார்க்க ஆசைப்பட்டார், தடை உண்டா என்று பார்த்துக்கொள்ளவில்லை. அவ்வளவே.

இது நமக்கு வெகு தொலைவில் நடந்த கதை என்று எண்ணலாகாது. 2018 மார்ச்சில் தேனி ஜில்லாவின் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டு பலர் உயிரிழந்தபொழுது, விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் மீட்புக்கு வந்தன. 2024 மார்ச்சில் குன்னூர் மலைத் தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் வாளி வாளியாக நீரை ஏந்திச் சென்று ஊற்றியது. சேர்வராயன் மலையின் சரிவுகளும் கோடையில் காய்ந்து நிற்பவையே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய வேளைகளில் சாலை அடைபட்டால் உதவி வான்வழியே வர வேண்டியிருக்கும். மலையில் ஹெலிகாப்டர் தாழ்வாகவே வரும். மனிதர் ஏறிவரும் விமானத்துக்கு ட்ரோன் வழிவிட்டே ஆக வேண்டும் என்பது விதி. தீயும் சரிவும் நேர்ந்த இடத்தில் படம் பிடிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, அதிகாரிகள் கேட்டால் மட்டும் கருவியை எடுப்பதே முறை.

இன்னும் கேட்க வேண்டியவர்கள்

வரைபடம் பச்சையாக இருந்தால் எல்லாம் முடிந்ததா எனில், இல்லை.

கோடை விழா, பெரியோர் வருகை, கலவர அச்சம் போன்ற சமயங்களில் ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்க மாநில அரசாங்கத்துக்கு அதிகாரமுண்டு. போலீஸ் சூப்பரின்டெண்டு பதவிக்குக் குறையாத அதிகாரி, ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை அவ்வாறு அறிவிக்கலாம். திருவிழாக் கூட்டத்தின் மேல் ட்ரோன் பறக்கவிட எண்ணுவோர் ஏற்காட்டுப் போலீஸ் நிலையத்தில் முன்னதாகச் சொல்லிவைப்பது எல்லோருக்கும் நல்லது.

அடுத்தது வனத்துறை. நம் தோட்டங்களில் பல, காப்புக்காட்டின் எல்லையை ஒட்டியவை. வரைபடத்தின் பச்சை நிறம் காட்டுக்குள் நுழைய உரிமைச் சீட்டன்று. காப்புக்காட்டின் மேல் பறக்கவிட வனத்துறையின் அனுமதி வேண்டும். ட்ரோனின் இரைச்சலால் காட்டெருமை மிரண்டு ஓடினால் அது ஓடும் வழியில் நம் தோட்டமும் நம் ஆட்களும் இருப்பார்கள். பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் கூடு கட்டும் மலைத்தேனீயைக் கலைத்துவிட்டால் விளையும் துன்பத்தை விவரிக்கத் தேவையில்லை. கொட்டச்சேட்டுத் தேக்குக் காட்டைக் காண வரும் விருந்தினர்களுக்கும் இதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

மூன்றாவது, பக்கத்துத் தோட்டக்காரர். பூச்சிமருந்தை ட்ரோனால் தெளிப்பதற்கு மத்திய விவசாய அமைச்சகம் 2021 டிசம்பரில் தனி நெறிமுறை வெளியிட்டது. அங்கீகரிக்கப்பட்ட மருந்தையே பயன்படுத்த வேண்டும். முன்னதாக உள்ளூர் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். நீர்நிலைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இடைவெளி விட வேண்டும் என்பன அதன் சாரம். மலைக்காற்று நொடிக்கு நொடி திசை மாறுவது. நம் தோட்டத்தில் தெளித்த துளி கீழ்வீட்டாரின் ஊற்றிலோ, அடுத்த தோட்டத்துத் தேன்பெட்டியிலோ விழுந்தால் பகையே மிஞ்சும். காப்பி பூத்திருக்கும் நாட்களில் மருந்து தெளிப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

இங்கே ஒரு தொழில் உண்மையையும் சொல்லிவிடுவது நேர்மை. காப்பியின் இலைத்துரு நோய் இலையின் அடிப்புறத்திலேயே பற்றுகிறது. அதற்காகவே போர்டோ கலவையை அடிப்புறம் நனையும்படி கீழிருந்து தெளிக்கிறோம். நிழல் மரங்களின் மேலிருந்து ட்ரோன் தூவும் துளி, அம்மரங்களைக் கடந்து காப்பி இலையின் அடிப்புறத்தை எட்டுவது கடினம். ஆகவே முதுகுத் தெளிப்பானை உடனே மூலையில் வைத்துவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். நிழல் குறைந்த திறந்த நிலங்களிலும், மண்சரிவு, மரச்சேதம் ஆகியவற்றைக் கண்டறிவதிலும், எட்டாத சரிவுகளைப் பார்வையிடுவதிலும் ட்ரோன் நமக்கு உறுதியாகப் பயன்படும்.

சங்கம் செய்யத்தக்கவை

தனி மனிதர் ஒவ்வொருவரும் இவ்வளவையும் நினைவில் வைத்துச் செய்வது சிரமம். கூட்டுறவு என்பதன் பயன் இத்தகைய இடத்தில்தான் விளங்குகிறது.

முதலாவதாக, சங்க அலுவலகத்தில் ட்ரோனுக்கென ஒரு பதிவேடு வைக்கலாம். தேதி, இடம், பறக்கவிடுபவர், கருவியின் அடையாள எண், அன்று காலை வரைபடத்தில் கண்ட நிறம், பக்கத்துத் தோட்டத்தாருக்குத் தெரிவித்த விவரம் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவிடலாம். வரி எழுதப்படாத நாளில் கருவியும் வெளியே போகக் கூடாது.

இரண்டாவதாக, நம் அங்கத்தினர் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் ஒருவரையும் பெண் ஒருவரையும் தேர்ந்தெடுத்து விமானி சான்றிதழ் பெறச் செய்யலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம் ட்ரோன் ஆராய்ச்சியில் பெயர் பெற்றது. தமிழ்நாடு அரசாங்கமும் 2022-ல் ஆளில்லா விமானக் கழகம் ஒன்றை நிறுவியது. வெளியூர்க்காரரை நம்பியிருப்பதினும், இம்மலையின் முகடும் பள்ளமும் பனியும் அறிந்த நம் பிள்ளைகள் இயக்குவதே பாதுகாப்பானது.

மூன்றாவதாக, கருவி வாங்குவதில் அவசரம் வேண்டாம். கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் வாடகை மையங்களுக்கு ட்ரோன் விலையில் 40 சதவீதம், 4 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் மானியம் அளிக்க 2022 ஜனவரியில் மத்திய விவசாய அமைச்சகம் வழி செய்தது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரை அளிக்கும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் மந்திரிசபை ஒப்புதல் தந்தது. இவற்றின் இன்றைய நிலையை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் நேரில் விசாரித்து, எழுத்தில் பெற்ற பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

விதிகளும் நிலையாக நிற்பவையல்ல. 2025 செப்டம்பரில் ட்ரோன்களுக்கெனத் தனிச் சட்ட வரைவு ஒன்றை மத்திய அரசாங்கம் பொதுமக்களின் அபிப்பிராயத்துக்காக வெளியிட்டது. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பொதுக்குழுவில் விதிகளைப் படித்துக் காட்டுவது நல்ல வழக்கமாகும்.

"என் பட்டா நிலத்தின் மேல் பறக்க எவரைக் கேட்க வேண்டும்?" என்ற அங்கத்தினருக்கு நம் விடை இதுவே: முதலில் வரைபடத்தைக் கேளுங்கள், பின்னர் காலடியில் உள்ள சரிவின் ஆழத்தைக் கேளுங்கள், காடு ஒட்டியிருந்தால் வனத்துறையைக் கேளுங்கள், மருந்து தெளிப்பதாயின் பக்கத்துத் தோட்டக்காரரைக் கேளுங்கள். நான்கும் சேர்ந்து அரைநாள் வேலைகூட அன்று. வருகிற பொதுக்குழுக் கூட்டத்தில், கருவி வாங்கும் தீர்மானத்துக்கு முன்னதாகப் பதிவேட்டுத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.